பஞ்சாயத்தாக எழுந்து நின்றவர்

மாநில அரசுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் உறவு எப்படி இருக்க வேண்டும் என்று ஆலோசனை கேட்க, இன்று படப்பைக்கு ஒரு குழு வந்தது. வடக்குப்பட்டிலிருந்து நானும் பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவும் போனோம்.

எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தே பல வருடமாகிறது. தலைவர் இடத்தில் அரசு அனுப்பிய தனி அலுவலர்தான்.

"உங்கள் பஞ்சாயத்தின் கருத்து?" என்றார்கள் குழுவினர்.

கூட்டத்துக்கு வந்திருந்த அந்தத் தனி அலுவலர்தான் எழுந்தார். "உறவு சுமுகமா இருக்குங்க."

எழுதிக்கொண்டார்கள்.

அக்கா குறுக்கிட்டாள். "எங்கூரு கெணத்து மோட்டாரு ஓடியே மாசக்கணக்காவுது சார்."

"அதைத் தனி அலுவலரிடம் சொல்லுங்கம்மா" என்றார் குழுவில் ஒருவர்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா, "இதுக்கா தம்பி நடவ வுட்டுட்டு வந்தோம்?" என்றாள்.

குழு உங்கள் ஊருக்கும் வரும். அங்கே பஞ்சாயத்தாக யார் எழுந்து நிற்கிறார் என்று பார்த்துச் சொல்லுங்கள்.