‘சரியா வச்சேனா’ என்ற கேள்வியோடு வாழ்ந்த அண்ணன்

அண்ணன் மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அண்ணனின் தெய்வ பக்தியையும் ரயில்வே வேலையில் அவர் பெற்ற நற்பெயரையும் மட்டும் எழுதினால் போதும் என்று குடும்பத்தில் சிலர் சொன்னார்கள். மனத்தால் அவர் பட்ட துன்பத்தை எழுத வேண்டாம், பெண்பிள்ளைகள் இருக்கும் வீடு என்றார்கள். அண்ணியிடம் கேட்டேன். "அதை விட்டுட்டா அவரைப் பத்தி எழுத என்ன இருக்கு? எழுதும்மா" என்றார். ஆகவே எழுதுகிறேன்.

அண்ணன் கிள்ளானில் பிறந்தார். எங்கள் தகப்பனார் அங்கே ரயில் பாதையின் கேட்டைக் காத்தவர். நான் பிறந்த சில மாதங்களில் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். எனக்குக் கஞ்சி ஊட்டியதும் தலை வாரிவிட்டதும் அண்ணன்தான். அப்பா நல்லவர், ஆனால் அந்தக் கேட் அவரைத் தூங்கவிடாது. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "டேய், கேட்டைச் சாத்தினியா? நல்லாப் பாத்தியா? மறுபடியும் போய்ப் பாரு" என்பார். அண்ணன் எழுந்து ஓடுவார். கேட் சாத்தித்தான் இருக்கும். திரும்பி வந்து உட்காருவார். அப்பா மறுபடி கேட்பார். இப்படித்தான் அண்ணன் வளர்ந்தார்.

வாலிபத்தில் பிரிக்பீல்ட்ஸில் சிக்னல் கேபினில் வேலை கிடைத்தது. வரும் வண்டி எந்தத் தண்டவாளத்தில் போக வேண்டுமோ அதற்கேற்ற லீவரை இழுத்து வைக்கும் வேலை. பொறுமைசாலி, குடிக்காதவர், ஒரு நாளும் தாமதமாக வராதவர் என்று துரை முதல் கூலிகள் வரை மதித்தார்கள். ரயில்வே குடியிருப்பில் வீடு கிடைத்தது. அண்ணி வந்தார். குழந்தைகள் பிறந்தன. நானும் கிள்ளானிலேயே வாழ்க்கைப்பட்டேன். எல்லாம் நன்றாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாதை பழுதுபார்க்கும் கூட்டத்தில் காளிமுத்து என்றொருவர் இருந்தார். அண்ணனுக்கு நெருங்கிய கூட்டாளி, தினமும் இருவரும் ஒன்றாகத் தேநீர் குடிப்பார்கள். அவர் பாதையைக் கடக்கும்போது ஈரத்தில் கால் வழுக்கி விழுந்தார். அண்ணன் லீவர் வைத்து உள்ளே விட்ட சரக்கு வண்டி அந்த நேரம் வந்துவிட்டது. காளிமுத்து அங்கேயே இறந்தார். விசாரணை நடந்தது. லீவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது, யார் மேலும் குற்றமில்லை என்று முடிவு சொன்னார்கள். ஊர் முழுதும் அதை ஏற்றுக்கொண்டது. அண்ணனின் மனம் மட்டும் ஏற்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. "சரியா வச்சேனா?" வேலை முடிந்து வீட்டுக்கு வருவார், பாதி வழியில் திரும்பிக் கேபினுக்கு ஓடுவார். லீவரோடு நிற்கவில்லை. விளக்கை அணைத்தோமா, அடுப்பில் நெருப்பு இருக்கிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்ததா, தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று வீடெல்லாம் பரவியது. பார்த்துவிட்டு வந்து படுப்பார். கண் மூடியதும் பார்த்ததே சந்தேகமாகிவிடும். "நான் பாத்துட்டேங்க, எல்லாம் சரியா இருக்கு" என்று அண்ணி சொல்வார். கொஞ்ச நேரம் அடங்கும். பிறகு முன்னைவிடக் கடுமையாக எழும்.

ஒரு பகலில், பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டுக் கேபினுக்குப் போனார். அப்போது சின்னையா என்ற தோழர் பணியில் இருந்தார். கிள்ளான் வண்டி நெருங்கிக்கொண்டிருந்தது. படியேறி வந்த அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் லீவரை அசைத்துப் பார்க்கக் கை வைத்தார்.

"அண்ணே, கையை எடு! வண்டி வருது!" என்று சின்னையா அலறி, அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். வண்டி பத்திரமாகக் கடந்தது. அண்ணன் தரையில் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். விபத்து நேர்ந்துவிடுமோ என்ற பயமே ஒரு விபத்தை உண்டாக்கப் பார்த்தது.

துரை இரக்கம் உள்ளவர். வேலையை விட்டு நீக்காமல் சரக்குக் கொட்டகையைக் காக்கும் வேலைக்கு மாற்றினார். அங்கும் சரிப்படாவிட்டால் வேலை போகும், குடியிருப்பையும் காலி செய்ய வேண்டும் என்று ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி சொல்லிவிட்டுப் போனார். அண்ணி எனக்குச் சொல்லி அனுப்பினார். என்ன ஆகுமோ என்று ரயிலேறி வந்தேன். பத்துமலையில் வேண்டுதல் வைத்தோம், தாயத்துக் கட்டினோம். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவும் டிரெஸ்ஸர் தூங்குவதற்கு மருந்து கொடுத்தார். தூங்கினார். விழித்ததும் கேள்வியும் விழித்தது.

அந்த நாளில் ஒரு சாமியார் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அன்பர் வீட்டில் தங்கி மாலை நேரங்களில் பேசிவந்தார். அண்ணனை அழைத்துப் போனோம். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "மாட்டுவண்டி போய்ப் போய்ப் பள்ளமான தடத்தில் சக்கரம் தானாக இறங்கும். மனமும் அப்படித்தான். இதை வாசனை என்பார்கள். அந்தப் பள்ளத்தோடு சண்டை போட வேண்டாம். பக்கத்தில் புதுத் தடம் போடுங்கள்." ‘ஓம் நமசிவாய’ என்பதையே ஜபிக்கச் சொன்னார். ‘நம’ என்ற வடசொல்லுக்கு ‘என்னுடையது அல்ல’ என்றும் பெரியோர் பொருள் கொள்வதுண்டு என்று விளக்கினார். அண்ணன் அந்தச் சொல்லைக் கேட்டதும் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

இனி நல்ல காலம் என்று நினைத்தேன். சில வாரம் கழித்து மறுபடி போனபோது, பின்வாசல் படியில் ருத்திராட்ச மாலையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சோறு ஆறிக் கிடந்தது. கோயிலில் யாரோ, உச்சரிப்புத் தவறினால் மந்திரம் தலைகீழான பலன் தரும் என்று சொல்லிவிட்டார்களாம். அவ்வளவுதான். ஓர் எழுத்து சரியாக வந்ததா என்று சந்தேகம் வந்தால் மாலையை முதலிலிருந்து ஆரம்பிப்பார். சுற்று முடியவே முடியாது. மருந்தாக வந்ததும் நோயாகிவிட்டது.

அண்ணி அடுப்படியிலிருந்து வந்து அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"என்னங்க, ஒண்ணு கேக்கறேன். ‘சரியா வச்சேனா, சரியா வச்சேனா’ன்னு எத்தனை காலமா சொல்லிக்கிட்டு இருக்கீங்க? அதுவும் ஜபம்தானே? அதை உச்சரிப்புப் பாத்தா சொன்னீங்க? அதுக்கு யாரு உங்களுக்கு தீட்சை கொடுத்தா?"

அண்ணன் மாலையை உருட்டுவதை நிறுத்தினார்.

"ஜபம் உங்களுக்குப் புதுசு இல்ல. சொல்லைத்தான் மாத்தணும். எண்ண வேணாம். தப்பா வந்தா அடுத்ததைச் சொல்லுங்க. அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் இதைச் சொல்லுங்க. ஆனா திரும்பிப் போய்ப் பாக்கக் கூடாது."

"சரியா வச்சேனான்னு தெரியாமலே போறதா?"

"தெரியாமலேதான் போகணும்."

அண்ணனின் முகம் வெளிறியது. மாலையை அண்ணியிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மாலை, கொட்டகை பூட்டும் நேரத்துக்கு அண்ணியும் நானும் போனோம். அண்ணன் பூட்டினார், ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். மூவரும் நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் அவர் கால் நின்றது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பூட்டு விழலைன்னு தோணுது. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

"சொல்லுங்க. சொல்லிக்கிட்டே நடங்க" என்றார் அண்ணி.

"உள்ள யாராவது புகுந்துட்டா? வேலை போயிடும், புள்ளைங்க தெருவுல நிக்கும்!"

"நிக்கட்டும். நடங்க."

சொல்லிவிட்டாரே தவிர, அண்ணியின் கை என் கையை நொறுங்கும்படி பிடித்திருந்தது. எங்களுக்கு மட்டும் பயமில்லையா? பூட்டு விழுந்ததா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது. அண்ணன் கண்ணை இறுக மூடி, ‘ஓம் நமசிவாய, ஓம் நமசிவாய’ என்று உரக்கச் சொன்னார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஓர் அடி வைத்தார். பிறகு இன்னோர் அடி. வீடு வந்து சேர்ந்தபோது வாந்தி எடுத்தார். அன்றிரவு அந்த வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டியே இருந்தது.

ஒரு நாளில் மாறிவிடவில்லை. நல்ல வாரங்களும் மோசமான வாரங்களும் வந்தன. இளைய மகளுக்கு விஷக்காய்ச்சல் கண்டபோது பழையபடி வீடெல்லாம் ஓடினார். யாரும் அவருக்குச் சமாதானம் சொல்லக் கூடாது என்று அண்ணி கட்டளை போட்டிருந்தார். "பாத்துட்டேன், சரியா இருக்குன்னு சொன்னா நாமளும் அந்தப் பள்ளத்தை ஆழமாத் தோண்டறோம்" என்பார். சின்னையாவிடம் அண்ணன் கேட்டால், "எனக்குத் தெரியாதுண்ணே. மந்திரத்தைச் சொல்லு, வா டீ குடிக்கலாம்" என்று தோளில் கை போட்டுக் கூட்டிப்போவார். மெல்ல மெல்ல, கேள்வி வந்த வழியிலேயே சிவநாமமும் வரத் தொடங்கியது. பிறகு கேள்விக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது என்று அண்ணன் சொன்னார். வெகு காலம் கழித்து துரை அவரை மறுபடி கேபினுக்கு அனுப்பினார். அதற்கென்றே கிள்ளானிலிருந்து வந்திருந்தும், முதல் நாள் அவர் படியேறியதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கோயிலில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாலையில் வழக்கமான நேரத்துக்கு வீடு வந்தார். பாதி வழியில் திரும்பவில்லை.

அதன் பிறகுதான், "எனக்கு செமினி போகணும். நீயும் வா" என்றார். காளிமுத்துவின் மனைவி அஞ்சலை அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிழைத்து வந்தார். இத்தனை வருடத்தில் அண்ணன் ஒரு தடவையும் அவரைப் பார்க்கப் போனதில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. ஆறின புண்ணைக் கிளறி, நோய் திரும்பிவிட்டால்? பஸ்ஸில் கேட்டேன்:

"என்னுடையது இல்லைன்னுதானே தினமும் சொல்றீங்க. அப்புறம் ஏண்ணே போகணும்?"

"வண்டி மோதினது என்னுடையது இல்ல. ஆனா அவன் என் கூட்டாளி. அது என்னுடையதுதான்."

அஞ்சலை, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்கண்ணே. ஏன் இத்தனை நாளா வரல?" என்று மட்டும் கேட்டார். அண்ணனின் உதடு அசைந்தது. நாமம் சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

"பயந்துகிட்டே இருந்தேன்மா. பயந்து பயந்து, அவனுக்காக அழவே இல்ல."

அப்படியே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். அஞ்சலையும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

சென்ற ஆண்டு நுரையீரல் நோயில் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, காய்ச்சல் உச்சத்தில் பழைய கேள்வி வாயில் வந்தது. இத்தனை வருடப் பாடும் வீணாய்ப் போயிற்றோ என்று நான் கலங்கினேன். அண்ணி பதிலும் சொல்லவில்லை, மந்திரத்தையும் நினைவூட்டவில்லை, கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்து அவரே ‘நமசிவாய’ என்றார். முழுதாகக்கூட வரவில்லை. மறுநாள் மத்தியானம் அமைதியாகக் கண்ணை மூடினார்.

இரவும் பகலும் துணை நின்ற சின்னையாவுக்கும், தோட்டத்திலிருந்து நடந்தும் பஸ் ஏறியும் வந்து எங்களோடு துக்கம் காத்த அஞ்சலைக்கும், மருத்துவம் பார்த்தவர்களுக்கும், பாடை சுமந்த ரயில்வே நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இதை எழுதியே தீர வேண்டும் என்று நான் நினைத்ததற்கு அதுதான் காரணம். அண்ணனின் இளைய மகள் சில மாதமாகப் படுக்கப் போகும்முன் கதவைப் பார்க்கிறாள். படுத்தபின் எழுந்து மறுபடி பார்க்கிறாள். போன வாரம் கடைக்குப் புறப்பட்டவள் தெருமுனையில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்ததைக் கண்டேன். அண்ணி எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு அவளிடம் போனார். உங்கள் வீடுகளிலும் இப்படி யாராவது இருக்கலாம். அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பைத்தியம் என்று மறைக்கவும் வேண்டாம். கூட நடந்து போங்கள்.