ஏழாம் குழியில் எங்கள் அடுப்படி

வெட்டிய புல்லின் மணத்தோடு எங்கோ பனைமட்டை எரியும் வாசனையும் கலந்து வந்தது. எங்கள் பழைய தோட்டத்தை அழித்துப் போட்ட ஜெஞ்சாரோம் பக்கத்துக் கோல்ஃப் திடலில், ஒரே அடியில் பந்து போய்ச் சேரும் இந்தக் குட்டையான ஏழாம் குழிதான் எனக்குப் பிடித்தது. இதன் மணற்பள்ளம் இருக்கும் இடத்தில்தான், மழை இரையும் தகரக் கூரையின் கீழ், அம்மா தினமும் சாணி மெழுகிய அடுப்படி இருந்தது, வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்துக் கணக்கு எழுதிய கிராணி சப்பாத்துக் காலோடு ஏறி மிதித்ததும் அந்த அடுப்படியைத்தான்.

அன்று சிறுமியாயிருந்த என்னைக் கிராணிக்கு இப்போது அடையாளம் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அவரோடு சிரித்துப் பேசி ஆடியபடி காத்திருந்தேன். இன்று அவர் பந்து மணலில் விழுந்தது.

"அங்கிள், சப்பாத்தக் கழட்டிட்டு இறங்குங்க."

"ஏம்மா, வெறும் மணல்தானே லா?"

"அது எங்கம்மா அடுப்படி, கிராணியாரே."

என் முகத்தையே பார்த்தவர், மெல்லக் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினார்.

"இன்னொண்ணு" என்றேன்.