மூன்று மாத அவகாசம்

அரசியலைப் பாடமாக நடத்துகிறவன் தப்பாகச் சொல்லிவிட்டால் மறுநாள் வந்து திருத்திக்கொள்ளலாம். அரசியலில் இறங்கிவிட்டால் அந்த மறுநாள் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. கவுன்சிலராகவோ, சங்கத்திலோ சபைக் கமிட்டியிலோ ஒரு உறுப்பினராகவோ உட்கார்ந்து, கையைத் தூக்குவதா வேண்டாமா என்று வியர்த்துப்போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

விருப்ப ஓய்வு

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு வருடம் அரசியல் அறிவியல் நடத்தினேன். இருக்கிறதை அவசரப்பட்டு மாற்றக் கூடாது, நெடுநாள் நின்ற வழக்கத்தில் ஏதோ நியாயம் இருக்கும் என்பது என் கொள்கை. ஆசிரியர் அறையில் எனக்குப் 'பழமைவாதி' என்றே பெயர். அதே கொள்கையுள்ள சின்னக் கட்சி ஒன்று எங்கள் பேரூராட்சியில் என் வார்டுக்கு நிற்கச் சொன்னது. விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாள் மாலை போட்டார்கள். பொருளாதாரத் துறை ஸ்டீபன் மட்டும் கைதட்டவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தவர், பஸ் வருவதற்கு முன்னால் சொன்னார்:

"இங்க நீரு தப்பு பண்ணுனா நாலு பிள்ளைகளுக்கு மார்க்குதான் போகும். அங்க என்ன போகும்னு யோசிச்சீரா?"

நாற்பது நிமிடப் பேச்சு

ஜெயித்தேன். இரண்டாவது வருடம் ஒரு தீர்மானம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் யாராவது இறந்தால், சவத்தைப் பாலம் தாண்டி எங்கள் தெரு வழியாக மயானத்துக்குக் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. ஓடைக்குள் இறங்கித்தான் போக வேண்டும். இனிமேல் எல்லார் சவமும் தெரு வழியாகவே போகலாம், அதற்குப் பேரூராட்சி பாதுகாப்புக் கொடுக்கும் என்பது தீர்மானம்.

நான் எதிர்க்கவில்லை. அதுதான் என் சாமர்த்தியம். இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேச மூன்று மாதம் அவகாசம் வேண்டும் என்று நாற்பது நிமிடம் பேசினேன். மரபு, சமாதானம், பொறுமை என்று வகுப்பில் சொன்னதெல்லாம் வந்து விழுந்தது. கைதட்டினார்கள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது.

ஐப்பசி மழையில் ஓடை நிரம்பிய அன்று காலனியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கேள்விப்பட்டுப் போய்க் காலனிப் பக்கத்துக் கரையில் நின்றேன். ஆறு பேர் நெஞ்சளவு தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருத்தருக்குக் கால் வழுக்கியது. பாடை சரிந்து, பெரியவரின் ஒரு கை வெளியே வந்து தண்ணீரில் இழுபட்டது. நான் குடையை மடக்கிப் போட்டுவிட்டு இறங்கினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்களே நிமிர்த்திவிட்டார்கள்.

அவர் மகள் ராஜாத்தி, மில்லுக்குப் போகிற பெண், இக்கரையிலேயே நின்றிருந்தாள். ஈரத்தோடு ஏறிவந்த என்னிடம் அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்:

"நீங்க பேசுனத போன்ல பாத்தோம் சார். நல்லாத்தான் இருந்துச்சு. எங்க அய்யாவுக்குத்தான் அம்புட்டு நாள் பொறுக்க முடியல."

கை

அவகாசம் முடியும்வரை நான் காத்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே அந்தத் தீர்மானத்தை எடுக்கும்படி எழுதிக் கொடுத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற கட்சி அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். செயலாளர் சங்கரபாண்டியன் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, "வழக்கத்தக் காப்பாத்தத்தான ஒங்கள நிறுத்துனோம்?" என்று கேட்டார்.

"சவம் வந்தா வழிவிட்டு ஒதுங்கி நிக்கிறதவிடப் பழைய வழக்கம் நம்ம ஊர்ல எது அண்ணாச்சி?" என்றேன். கொள்கையை விட்டுவிட்டு நான் அங்கே போகவில்லை. முதல் தடவையாக அதைக் கையில் எடுத்துக்கொண்டு போனதாகவே எனக்குப் பட்டது.

பேரூராட்சிக் கூட்டத்தில் தலைவர் என்னைப் பேசச் சொன்னார். ஒரு வார்த்தை பேசவில்லை. கையை மட்டும் தூக்கினேன். ஒரு ஓட்டில் தீர்மானம் நிறைவேறியது. வீட்டுக்குத் திரும்பினால் தெருவில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்ட எதிர்வீட்டு ராமசாமி அண்ணன் மட்டும் கதவைச் சாத்தப் போனவர் நின்று சொன்னார்:

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களும் சரின்னுதான் சொல்லியிருப்போமோ என்னமோ. நீங்க கேக்கவே இல்லையே சார்."

அவர் கதவைச் சாத்திய பிறகுதான் என் வீட்டுப் படி ஏறினேன்.

முடிவு

அடுத்த தேர்தலில் கட்சி சீட்டுத் தரவில்லை, சுயேச்சையாக நின்றேன். காலனி வேறு வார்டு. அங்கிருந்து ஒரு ஓட்டும் எனக்கு வர வழியில்லை. வாக்கு எண்ணிய பள்ளிக்கூடத்தில் முடிவை எழுதிக்கொண்டிருந்த அலுவலர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். என்னிடம் படித்தவர். உட்காரச் சொன்னேன். உட்காராமலே குனிந்து என் பெயருக்கு நேரே எண்ணை எழுதினார். பேனா கொஞ்சம் தயங்கியது.

"ஒங்க பாடத்துல ரெண்டு தடவ பெயிலாகி மூணாவதுதான் சார் பாஸானேன். நீங்களும் இன்னும் ஒரு தடவ எழுதிப் பாருங்க."

இரண்டு தொழிலையும் பார்த்துவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: நாற்பது நிமிடம் பேசியதற்கு எனக்குக் கைதட்டல் கிடைத்தது, பேசாமல் கை தூக்கியதற்குத் தோல்வி கிடைத்தது, இதில் எதைச் சாதனை என்று எழுதுவதென்று எந்தப் பாடத்திலும் நான் நடத்தியதில்லை.