நம் ஆறு இங்கே இல்லை

நம் தேவாரக் குழுவின் வாட்ஸ்அப் புலனத்தில் அன்று காலையும் வழக்கம்போல் முருகன் படங்களும் காலை வணக்கங்களும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு வரி: "ரூபா அக்கா தவறிட்டாங்க." அதைப் பார்க்காத யாரோ அதன் கீழேயே இன்னொரு காலை வணக்கத்தைப் போட்டிருந்தார்கள். நான் சாமி மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணியைக் கீழே வைக்கத் தோன்றாமல் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன்.

ரூபாவதிக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகமில்லை. "அவர்" என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் அவளைக் குரலாகத்தான் அறிவீர்கள். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் பதிகத்தை எடுத்துக் கொடுத்த குரல் அது. அவள் பார்த்த வேலை பலருக்குத் தெரியாது. தனியார் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் இருந்தாள். செடிகொடி, மீன், பறவை, காற்று, தண்ணீர் பற்றிய ஆராய்ச்சிகள் இணையத்தில் எங்கெங்கே கிடைக்கும் என்று தேடிப் பிடித்து, மாணவர்களுக்காக ஒரே பக்கத்தில் இணைப்புகளாக அடுக்கி வைப்பது அவள் பொறுப்பு. கல்லூரி கேட்டது அவ்வளவுதான். ஒவ்வோர் இணைப்பின் கீழும் தமிழில் ஒரு வரி எழுதுவது அவளாக எடுத்துப் போட்டுக்கொண்ட வேலை. "மலாய்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு. தமிழ்லயும் ஒரு வரி இருந்தா யாருக்கு வலிக்குது?" என்பாள்.

அந்த வரிகளுக்காகத்தான் என்னைப் பிடித்தாள். ஒருமுறை அன்னதான அரிசி எழுதி வைத்ததைவிட ஒரு படி குறைந்தது. நான் மூட்டையை அவிழ்த்து மறுபடி அளக்க ஆரம்பித்துவிட்டேன்.

"லெட்சுமி, சனங்க பசியோட நிக்கிறாங்க. நீ படி அளந்துக்கிட்டு இருக்கியா?"

"எழுதினதும் இருக்கறதும் ஒண்ணா இருக்கணும் ரூபா."

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளதை உள்ளபடி எழுதற ஆளு ஒண்ணு வேணும்லா எனக்கு. ஆறாம் வகுப்போட நின்னுட்டேன்னு கதை சொல்லாதே. நீயா படிச்சது எனக்குப் போதும். உனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

"அப்போ ஊர்லயே மக்கு நான்தானா?"

"ஆமா. அதுக்குத்தான் காப்பி போட்டுத் தரேன்னு சொல்றேன்."

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் நேரத்தோடு கிளம்பிவிடுவேன். கோயிலுக்கு முன்பு அவள் வீடு. அவள் விளக்கேற்றி முடித்ததும் இருவரும் கணினி முன் உட்கார்ந்து ஒவ்வோர் இணைப்பாகத் திறந்து பார்ப்போம். இணையத்தில் வைத்தது வைத்தபடி இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இருப்பதில்லை. போன வாரம் திறந்தது இந்த வாரம் திறக்காது. சும்மா படிக்கக் கிடைத்ததைப் பூட்டிக் காசு கேட்பார்கள். அவள் சலித்துக்கொள்ளாமல் வேறொன்றைத் தேடி அந்த இடத்தில் வைப்பாள். நான் அதற்குத் தமிழ் வரி சொல்ல வேண்டும். "மீன்களின் பெயர்களும் படங்களும் இங்கே உண்டு" என்று சொன்னால் அவளுக்குப் போதாது. "என்ன இல்லைன்னும் சொல்லு. தேடி வர்றவங்க ஏமாறக் கூடாது."

நாங்கள் குடியிருக்கும் தாமானுக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடிக் கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. அதை நாங்கள் எல்லோரும் லோங்காங் என்றுதான் சொல்வோம். "சாக்கடைன்னு சொன்னா சாக்கடையாத்தான் வச்சிருப்பாங்க" என்று ரூபா மட்டும் அதை ஆறு என்பாள். எந்தத் தளத்தைத் திறந்தாலும் என் பொருட்டு அதையும் தேடிப் பார்ப்பாள். ஒருமுறையும் கிடைத்ததில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் பல வரிகள் ஒரே மாதிரி முடிந்தன: நம் ஆறு இங்கே இல்லை.

"புகார் மாதிரி இருக்கே ரூபா" என்றேன்.

"தகவல்லா. இல்லைங்கறதும் ஒரு தகவல்தான்."

ஒரு நாள் அந்த ஆற்றில் திலாப்பியா மீன்கள் வயிறு தெரிய மிதந்தன. தண்ணீரில் எண்ணெய் படர்ந்திருந்தது. சன்னலைச் சாத்தினாலும் வீட்டுக்குள் நாற்றம். என் பேரன் தூக்கத்திலும் இருமினான். தாமான் குடியிருப்பாளர் சங்கத்துச் செயலாளர் கணேசன் என் வீட்டுக்கு வந்தார். "நகராண்மைக் கழகத்துக்கு வெறுங்கையோட போனா மதிக்க மாட்டான் அக்கா. உங்க கூட்டாளிகிட்ட சொல்லி ஒரு ஆராய்ச்சிப் பேப்பர் வாங்கித் தாங்க."

ரூபா தேடினாள். எங்கள் ஆற்றைப் பற்றி யாரும் எழுதியிருக்கவில்லை. பக்கத்தில் ஓடும் இன்னோர் ஓடையின் நீரைச் சோதித்த கட்டுரை ஒன்று இருந்தது, அதுவும் பூட்டிய தளத்தில். எழுதியவருக்கே மின்னஞ்சல் அனுப்பி அதை வாங்கினாள். கிள்ளானுக்கு அவளே கொண்டுவந்தாள். கணேசனுக்கு வாயெல்லாம் பல்.

"பக்கத்து ஓடைதானே அக்கா. பேரை மட்டும் மாத்திக்குவோம்."

"பக்கத்து வீட்டுக்காரரோட ரத்த ரிப்போர்ட்டைக் காட்டி நீங்க மருந்து வாங்குவீங்களா தம்பி?"

"குடுத்தா வாங்கிக்குவேன் அக்கா!"

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அவள் கட்டுரையின் மேலே ஒரு கடிதம் வைத்துத்தான் கொடுத்தாள். அதன் முதல் வரியிலேயே இது எங்கள் ஆறு அல்ல, எங்கள் ஆற்றை இதுவரை யாரும் சோதிக்கவில்லை என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே, தயவுசெய்து சோதியுங்கள் என்று கேட்டிருந்தாள். நகராண்மைக் கழக அலுவலகத்தில் இருந்தவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். "உங்க ஆறு இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே" என்று மலாயில் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

யாரும் வந்து சோதிக்கவில்லை. உண்மையைச் சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாள் என்று தாமானில் பேசிக்கொண்டார்கள். பேரனைத் தூக்கிக்கொண்டு மகன் பூச்சோங்குக்குக் குடிபோனான். நான் அவளைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"அந்த முதல் வரியை விட்டிருக்கலாம்ல ரூபா?"

"விட்டிருக்கலாம்" என்றாள். "விட்டுட்டு, வெள்ளிக்கிழமை என்கூட உக்காந்து எந்த வரியை எழுதுவே?"

அவள் பணி ஓய்வு பெற்ற அன்றே கல்லூரி கொடுத்திருந்த கடவுச்சொல் வேலை செய்யாமல் போயிற்று. அவள் ஊருக்குத் திறந்துவிட்ட கதவுகளில் பாதி அவளுக்கே திறக்கவில்லை. அவள் எழுதிய பக்கம் மட்டும் எல்லோரும் பார்க்கும்படி அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் திறந்து பார்ப்போம். அணைந்த இணைப்புகளை மாற்ற அவளுக்கு இனி அனுமதியில்லை. ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நோய் வந்தது.

மருத்துவமனையில் குரல் உள்ளே போய்விட்டது. நான் திருநீறு வைத்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "வெள்ளிக்கிழமை பாத்தியா?"

பார்த்திருந்தேன். கல்லூரி தன் இணையத்தளத்தைப் புதிதாக மாற்றியிருந்தது. அவள் பக்கம் அதில் இல்லை. இருக்கிறது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. இத்தனை வருடம் அவளோடு உட்கார்ந்து எழுதியவள் எப்படிச் சொல்வேன்?

"பக்கத்தையே எடுத்துட்டாங்க ரூபா."

"எல்லாமா?"

"எல்லாம்."

இல்லைங்கறதும் ஒரு தகவல்தான் என்று சொல்லுவாள், சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கிளம்பும்போது, "கோயிலுக்கு நேரமாச்சு, போ" என்றாள். என்னிடம் அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

கேட்ட தெய்வங்களுக்கெல்லாம் தெரியும், நான் அவளுக்காக எவ்வளவு கேட்டேன் என்று. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் கணக்கு ஒத்துவரவில்லை. இப்போதும் விளக்கேற்றிவிட்டு அந்த முகவரியைக் கைப்பேசியில் தட்டிப் பார்க்கிறேன். பக்கம் கிடைக்கவில்லை என்றே வருகிறது. இனி வரும் என்று நினைத்துப் பார்ப்பதில்லை. பார்ப்பது பழகிவிட்டது.

அவளை எரித்துவிட்டு வந்த வாரத்தில் மறுபடியும் மீன்கள் மிதந்தன. கணேசன் வாசலில் வந்து நின்றார். அந்தப் பழைய கட்டுரை இன்னும் இருக்கிறதா, இந்தமுறை மேலே இருக்கும் கடிதத்தை மட்டும் எடுத்துவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கட்டுரை உள்ளே அலமாரியில்தான் இருந்தது.

"இருக்கு கணேசன். ஆனா அது நம்ம ஆறு இல்லை" என்றேன்.

அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ரூபாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த "இல்லை" ஒன்றுதான். அதனால் ஒரு மீனும் பிழைக்கவில்லை. அதை மாற்றி எழுத மட்டும் எனக்குக் கை வராது.