புல்தரையில் படுத்த எருமைகள்

காரைக்குடி கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். வாதிக்கும் நானே அடித்துக் கொடுப்பேன், பிரதிவாதிக்கும் நானே. நடுநிலைதான் என் தொழில் தர்மம். அதை ஒரே ஒரு முறை மீறியிருக்கிறேன்.

மானகிரிப் பக்கம் ஒரு கம்பெனி பெரிய குடியிருப்பு கட்டத் தொடங்கியது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பம் போடும் முன்பே சாலை, நுழைவு வளைவு, மதில் எல்லாம் எழும்பிவிட்டன. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலையும் மண்ணடித்து மூடிவிட்டார்கள். முதல் மழைக்கே, வழி தெரியாத தண்ணீர் பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது. துபாயில் பல வருடம் வேன் ஓட்டிக் கட்டிய வீடு. பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மனு அடிக்க அவர் என்னிடம் வந்தார்.

கம்பெனி கொடுத்த சுற்றுச்சூழல் அறிக்கையின் தமிழ் நகலும் அவர் கையில் இருந்தது. ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்தது. "கண்மாயின் இரு வங்கிகளும் உறுதியாக உள்ளன" என்றது. கரையைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறது.

"கண்மாய்க்கு ரெண்டு பேங்க் இருக்காமேக்கா. இத்தன நாளாத் தெரியலையே," என்றார்.

அடுத்த பக்கத்தில், "திட்டப் பகுதியில் வாய்க்கால் எதுவும் இல்லை" என்றிருந்தது. அதற்கு அவர் சிரிக்கவில்லை.

வழக்கு நடக்கும்போதே உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், வேலையை ஆரம்பித்துவிட்டுப் பின்னால் அனுமதி வாங்குவது செல்லாது என்றது. அவர் அல்வா கொண்டுவந்தார். சில மாதம் கழித்து, அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கம்பெனி மேனேஜர் மைசூர்பாகு கொண்டுவந்தார். இரண்டையும் சாப்பிட்டேன்.

மறுநாள் துபாய்க்காரர் கடை வாசலில் நின்றார். "போன தடவ ஒண்ணு சொன்னாக, இப்ப வேற சொல்லுறாக. நான் எத நம்பி வீட்டுல பாய் விரிக்கிறதுக்கா?"

மைசூர்பாகு சாப்பிட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

பிறகு, வாய்க்கால் உண்டா இல்லையா என்று பார்க்கத் தீர்ப்பாயத்தின் ஆய்வுக் குழு வருவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் மூடிய வாய்க்காலின் மேல் புல்தரை போட்டு, பச்சையாகத் தெரிய மூன்று நாளாகத் தண்ணீர் பாய்ச்சினார். ஏதோ கடிதம் அடிக்க வந்தபோது அவரே பெருமையாகச் சொன்னது.

புதிதாக மூடிய மண் அமுங்கும். பாய்ச்சிய தண்ணீர் அங்கேதான் தேங்கும். என் புத்தி உடனே குறும்பு பண்ணியது. கடைக்குப் பால் ஊற்றும் பெண்ணிடம் ஒன்பது எருமைகள் உண்டு.

"நாளைக்கு மாட்ட எங்குட்டு ஓட்டிட்டுப் போவ?" என்று கேட்டேன்.

"கண்மாய்க்குத்தான்க்கா. மதில் கட்டிட்டாகளே, இப்பல்லாம் சுத்தித்தான் போகணும்."

"நாளைக்கு ஆபீசர் வாராக. மதில் கேட்டு தெறந்துதான் கெடக்கும்."

என்னை உற்றுப் பார்த்தாள். அன்று பால் கொஞ்சம் தாராளமாக ஊற்றினாள்.

மறுநாள் வேடிக்கை பார்க்க நானும் போனேன். குழுவின் அதிகாரி பழைய சர்வே படத்தை விரித்து, "இதுல வாய்க்கால் இருக்கே?" என்றார்.

"படத்துலதான் சார் இருக்கு. தரையில கிடையாது," என்றார் மேனேஜர்.

சொல்லி வாய் மூடுவதற்குள் எருமைகள் நுழைந்தன. காவலாளி கம்போடு ஓடினார். அவை சட்டை செய்யவில்லை. புல்லின் நடுவே கால் புதையும் சேற்றைக் கண்டதும் ஒவ்வொன்றாகப் படுத்தன. மதிலிலிருந்து கண்மாய்ப் பக்கம் வரை ஒரே வரிசை.

அதிகாரி படத்தைப் பார்த்தார். எருமைகளைப் பார்த்தார். உதவியாளரிடம், "டேப்ப எடுய்யா. அந்தக் கொம்பு ஒடஞ்ச எருமையில இருந்து அள," என்றார். துபாய்க்காரர் அங்குட்டுத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். தோண்டியதில் முழங்கால் ஆழத்தில் பழைய கல் மடை தட்டுப்பட்டது.

வாய்க்காலைத் திறக்கச் சொல்லி உத்தரவாயிற்று. அடுத்த மழையில் தண்ணீர் அவர் வீட்டைத் தொடாமல் கண்மாய்க்குப் போனது. அனுமதி வழக்கு மட்டும் இன்னும் நடக்கிறது. எப்படி முடியும் என்று யாருக்கும் தெரியாது.

மேனேஜர் ஆட்சேபணை அடிக்க என்னிடமே வந்தார். "யாரோ தூண்டிவிட்டுத்தான் எருமை வந்துச்சு மேடம். அதையும் போடுங்க."

"எருமைகள் உள்நோக்கத்துடன் அனுப்பப்பட்டன" என்று அடித்து, சந்திப்பிழை பார்த்துக் கையில் கொடுத்தேன்.