தொலைபேசி இருந்த இடம்

நான் எழுதுகிற மேசையின் இடது மூலையில் வெளிறிய சதுரம் ஒன்று இருக்கிறது. இரண்டு உள்ளங்கைகளை அருகருகே வைத்தால் மூடிவிடலாம். மற்ற இடமெல்லாம் பலகை கறுத்து, டம்ளர் வட்டங்களும் பேனாக் கீறல்களுமாகக் கிடக்க, அது மட்டும் நேற்று இழைத்த மரம்போல வெளுத்திருக்கிறது. எழுத்து ஓடாத நாட்களில் ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பேன். துடைத்தால் போக அது கறையா என்ன? பல வருடம் ஒரு தொலைபேசி அங்கே உட்கார்ந்திருந்தது. வெயிலும் தூசியும் படாமல் அது காத்த இடம். ஒரு நாள் மெம்பரக்கா அதை எடுத்துவிட்டார்.

மெம்பரக்கா அப்போது எங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினர். அதற்கு முன் மூங்கில்துறைப்பட்டு அருகே ஒரு ஊராட்சியில் வார்டு மெம்பர். சென்னைக் கோட்டைக்குப் போன பிறகும் ஜனங்கள் மெம்பரக்கா என்றே கூப்பிட்டார்கள், அவரும் திருத்தவில்லை. கள்ளக்குறிச்சியில் கடைவீதிக்குப் பின்னால், மாடியில் இருந்த அவருடைய அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்தேன். குடும்ப வன்முறைச் சட்டம் வந்த புதிது. அந்தச் சட்டத்தின் சிறு புத்தகத்தை அவர் தன் கரும்புக்கொல்லை வரப்பில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை ஓட்டிப் படித்தவர். பக்கங்களில் மண் ரேகை இருக்கும். சட்டம் தெரிந்தவர் என்ற பேச்சு பரவியதும் பெண்கள் படியேறி வந்தார்கள். சின்னசேலத்திலிருந்து, களமருதூரிலிருந்து, மலையிலிருந்து. ஒரு பெண் வந்தால் கூடவே அண்ணன், மாமன், மாமனார், ஊர்ப் பெரியவர் என்று ஐந்து பேர் வருவார்கள். அந்தப் பெண்ணுக்குப் பட்ட அடியை அவர்கள்தான் சொல்வார்கள். அக்கா அவர்களைக் கீழே டீக்கடைக்கு அனுப்பிவிட்டு, பெண்ணைத் தன் பக்கத்தில் உட்கார வைப்பார். "அவங்களுக்குப் பசிக்குது, ஒனக்கு வலிக்குது. அவங்க டீ குடிக்கட்டும். நீ சொல்லு."

கல்வராயன் மலையிலிருந்து வந்தவள் தனியாக வந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். தங்கச்சி என்றே கூப்பிட்டேன். மடியில் ஒரு பை புளி. சந்தையில் விற்கப் போவதாக வீட்டில் சொல்லி வந்திருந்தாள். விற்கவில்லை, திரும்பும்போதும் பை அப்படியே கனத்தது. ஜாக்கெட் கைக்குக் கீழே பழைய காயம், அதற்கும் கீழே புதியது. விவாகரத்து வாங்கித் தீர்த்துவிடச் சொல்கிறாயா என்று அக்கா கேட்டார். இல்லையென்று தலையாட்டினாள். "அந்த வூடு நான் மண்ணு மிதிச்சிக் கட்டுனது. நான் எதுக்குப் போவணும்? அவர வெளிய போவச் சொல்லுங்க." அக்கா சிரித்துவிட்டார். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் உன்னைக் கேட்டுவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள், வீடு யார் பெயரில் இருந்தாலும் உன்னை வெளியே தள்ள முடியாது, அடிக்கிறவனை வெளியே நிறுத்த கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கிறது என்றார். நான் மனுவைத் தட்டச்சு செய்தேன். நகலை நான்காக மடித்துப் புளிக்குள் செருகிக்கொண்டாள்.

அக்கா ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். தங்கச்சி சாயங்கால பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. பஸ் மலையேறி முடிப்பதற்குள் இருட்டிவிடும், இறங்கிக் காட்டுவழி நடக்க வேண்டும், தனிப் பெண். எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு பெண் நேரங்கெட்ட நேரத்தில் தனியாகப் பயணப்பட்டால், இறங்குமிடத்தில் யாருக்காவது சொல்லி வைப்பது வழக்கம். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தச் சதுரத்தில் இருந்த தொலைபேசியை எடுத்தேன். மலையில் எங்களுக்குத் தெரிந்த டீக்கடை அண்ணனைக் கூப்பிட்டேன். அவள் ஊரைச் சொல்லி, பெயரைச் சொல்லி, "மனு குடுத்துட்டு வருதுண்ணே, வூடு வரைக்கும் பாத்து வுட்டுடுங்க" என்றேன். அவர் கனிவாகச் சொன்னார்: "நம்ம பொண்ணுதாம்மா, நான் பாத்துக்கறேன்." அன்றிரவு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நம்ம பொண்ணு. மலையில் யார் யாருக்கு அந்நியர்? டீக்கடை அண்ணன் அவள் புருஷனுக்குச் சித்தப்பா மகன். அவர் மனதிலும் கள்ளமில்லை. பொண்டாட்டி மனு கொடுத்துவிட்டு வருகிறாளாம், போய்க் கூட்டிக்கொண்டு வா என்று புருஷனையே அனுப்பிவிட்டார். பஸ் வளைவு வளைவாக ஏறிக்கொண்டிருக்க, என் வார்த்தை குறுக்கே ஏறி முன்னால் போய் நின்றது.

மூன்றாம் நாள் மலையிலிருந்து ஒரு நர்ஸ், தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடப்பதாக அதே தொலைபேசியில் சொன்னார். அக்காவும் நானும் ஜீப்பில் போனோம். கோமுகி அணையில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. டீக்கடை அண்ணனைக் கூப்பிட்டதை நானாகவே அக்காவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் தங்கச்சியின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மனுவின் நகல் அடுப்பில் போய்விட்டது. அவள் அழவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்: "நான் ஒங்ககிட்ட வந்தத அவருக்கு யாரு சொன்னாங்கக்கா?"

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நாங்கதாம்மா சொன்னோம்" என்றார். அந்த 'நாங்க'வில் என்னை முழுதாக மூடி வைத்தார். இன்று வரைக்கும் அதற்குள்ளிருந்து நான் வெளியே வரவில்லை.

திரும்பியதும் மாடியேறி, தொலைபேசியின் ஒயரைப் பிடுங்கி, உள்ளறையில் தன் நாற்காலிக்கு அருகே வைத்துக்கொண்டார். நல்லதுக்குத்தான்க்கா பண்ணேன் என்று அழுதேன். "நல்லதுக்குத்தான். கெட்டதுக்குப் பண்ணியிருந்தா ஒன்ன அன்னிக்கே அனுப்பிட்டிருப்பேன்" என்றார். பிறகு எங்கள் அலுவலகத்தின் ஒரே விதியைச் சொன்னார். "எங்க பொண்ணு இங்க வந்துச்சான்னு எவன் படியேறி வந்து கேட்டாலும், வந்திருந்தாலும் வரலன்னு சொல்லு. வராட்டியும் வரலன்னு சொல்லு. ரெண்டுக்கும் ஒரே கொரலு இருக்கணும்." எனக்கு அது வாய்க்கவே இல்லை. பெண் வந்திருக்கும்போது என் குரல் அவசரப்படும். கேட்டவன் இறங்கிப் போனதும் அக்கா உள்ளறையிலிருந்து, "இன்னொரு தபா சொல்லு, பஸ்ஸு புடிக்கப் போறவ மாதிரி பேசுற" என்பார். பழகினேன். மாதக்கணக்கில்.

சட்டமன்றத்தில் அவர் பேசியதை மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து கேட்டேன். புகார் கொடுக்கும் பெண்ணின் பெயர் வெளியே போகக்கூடாது, மாவட்டத் தலைநகர் விழுப்புரத்தில் உட்கார்ந்திருக்கும், இந்தச் சட்டத்துக்கான பாதுகாப்பு அலுவலர் வாரம் ஒரு நாளாவது மலையேற வேண்டும் என்று கேட்டார். பிறகு, தன் அலுவலகத் தொலைபேசியே ஒரு பெண்ணின் கையை முறித்தது என்றார். சபை அசைந்தது. வூட்டு விஷயத்த எல்லாம் சபைக்குக் கொண்டாராங்க பாரு என்று ஒரு குரல் கேலி செய்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பி, "எல்லா வூட்லயும் நடக்குதுங்களே, அப்ப அது எந்த வூட்டு விஷயம்?" என்றார். நேரம் முடிந்த மணி அடித்தது. உட்கார்ந்தார்.

கை முறிந்ததையும் சேர்த்து இரண்டாவது மனுவை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எழுதியிருந்தோம். இடது பெருவிரல் ரேகை. வாய்தாவுக்கு மேல் வாய்தா போய், புருஷன் அந்த வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. கொஞ்ச நாள் வேலியோரம் நின்று வைதவர், பிறகு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். தங்கச்சி இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். பலாக் காலத்தில் ஒரு பழம் கொடுத்து அனுப்புவாள். ஒருமுறை அவளே கொண்டுவந்து, நேராகாத அந்த வலது கையால் சுளை பிரித்துக் கொடுத்தாள். தின்றேன். சொல்லவில்லை.

அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். அலுவலகத்தைக் காலி செய்தபோது, கரும்புக்கொல்லையில் மேசைக்கு என்ன வேலை, நீ எடுத்துக்கினு போ என்றார்.

போன மாதம் மதியம் இந்த மேசைமேல் என் செல்போன் அடித்தது. என் தம்பி. நான் தூக்கி வளர்த்தவன். எதிரே நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள், முகத்தின் ஒரு பக்கத்தைச் சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு. அவள் வந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. டீ ஆடை கட்டிப்போயிருந்தது. போனில் யார் பெயர் என்று பார்த்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"எக்கா, அவ அங்க வந்தாளா?"

"வரலடா."

அவன் இன்னும் இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் அதையே சொன்னேன். என் குரலை நானே உற்றுக் கேட்டேன்; எங்கும் அவசரப்படவில்லை. போனை வெளிறிய சதுரத்தின்மேல் கவிழ்த்து வைத்தேன். அவள் மறுபடி உட்கார்ந்தாள்.