பையில் இருந்த இரண்டாவது பெட்டி

எனக்கு நிகாஹ் பேசியிருப்பவரும் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறார். எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அன்று, திறந்திருந்த அவருடைய பைக்குள் எச்.ஐ.வி. சுயபரிசோதனைப் பெட்டிகள் இரண்டைக் கண்டேன். ஒன்று அவருக்கு. மற்றது எவளுக்கு? அவருடைய வகுப்புப் பெண்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. இரண்டு வாரம் அவருடன் பேசவில்லை. "இந்தக் கலியாணம் வேணாம்" என்று உம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

கடைசியில் நூலக வாசலில் மறித்துக் கேட்டேன்.

"மத்தப் பெட்டி ஆருக்கு?"

"உங்களுக்குத்தான். நிகாஹ்வுக்கு முந்தி ரெண்டு பேரும் பார்ப்பம் எண்டு கொண்டு வந்தன். உங்கட காக்கா நடுவில இருக்கக்குள்ள எப்பிடித் தாற?"

உண்மைதான். என் அண்ணன் அன்று கதிரையை விட்டு எழும்பவேயில்லை.

இரண்டு வாரமாக நான் மனதுக்குள் ஏசித் தீர்த்த அந்தப் பெண் நான்தான்.

இருவரும் பரிசோதித்துக்கொண்டோம். பொறாமை இன்னும் போகவில்லை. ஆனால் இப்போதெல்லாம் உம்மாவிடம் போவதற்கு முன் அவரிடம் கேட்டுவிடுகிறேன்.

– ஒரு வாசகி, சாய்ந்தமருது